கொசுறு

ரீகா நகரச் சந்தையில்
முட்டைக்கோஸ் ஊறுகாய் விற்பவள், பெயர் வெல்கா.
ஆகாயக் கப்பலுக்கென்று செய்த கூரையாம்,
அதன் அடியில் இப்போது பீப்பாய்களும் நானும்.
முப்பத்தொரு வருடம்
தராசுக்கு இந்தப் பக்கம்.
கை அள்ளினால் அரைக் கிலோ,
ஐந்து கிராம் முன்னே பின்னே.

மருத்துவமனையில்தான் முதல்முறை
அந்தப் பக்கம் ஏறி நின்றேன்.
செருப்பைக் கழற்றச் சொன்னார்கள்.
நூற்றுப் பன்னிரண்டு.
தாதிப்பெண் வாய்விட்டுச் சொல்லாமல்
குனிந்து எழுதிக்கொண்டாள்.
அது மரியாதையாம்.
என் கடையில் அதற்குப் பெயர் வேறு.

டாக்டர் வீட்டோல்ஸ் நல்ல மனிதர்.
கட்டியைப் பற்றி நான்கு வாக்கியம் பேசினார்,
என் கொழுப்பைப் பற்றிப் பதினொன்று.
(எண்ணுவது தொழில் புத்தி.)
மயக்கம் கொடுப்பது சிரமம்,
தையல் ஆற நாளாகும், நீர் கோக்கும், சீழ் பிடிக்கலாம்.
எடுத்த இடத்தில் புது மார்பு வைப்பதென்றால்
இருபது கிலோ குறைந்த பிறகு பேசலாம்.

அதுவரை கட்டி காத்திருக்குமா என்றேன்.
காத்திருக்காது என்றார்.
அதனால் கத்தி வியாழக்கிழமை,
மார்பு பிறகு.

அடுத்த கட்டில் மூடீதே.
நாற்பத்து நான்கு கிலோ, ஈரத் துணியோடு நிறுத்தாலும்.
வயிற்றிலிருந்து எடுத்து மார்பில் வைக்க
அவளிடம் சரக்கு இல்லையாம்.
இரவு இரண்டு மணிக்கு இருட்டில் கேட்டாள்:
உன்னிடம் கொஞ்சம் கடன் கிடைக்குமா?
கிலோ என்ன விலை தருவாய் என்றேன்.
சிரித்ததில் அவளுக்குத் தையல் இழுத்தது.
எனக்கு விட்டது.

சிரித்ததால் இல்லை என்றார்கள் காலையில்.
ஓரம் ஏற்கெனவே கறுத்திருந்ததாம்,
அத்தனை சதைக்கு ரத்தம் வந்து சேரவில்லையாம்.
மறுபடி வெட்டி, மறுபடி தைத்து,
பதினெட்டு நாள் விலாவில் குழாய்.
குப்பியில் இறங்கிய நீர்
மூன்றாம் நாள் பீப்பாயில் ஊறும் நீரின் நிறம்.
உப்புப் போட்டால் முட்டைக்கோஸ் நீர்விடும், தெரியும்.
எனக்கு யார் போட்டது?

பார்க்க வந்தவர்களுக்கெல்லாம்
திடீரென்று கணக்கு வந்துவிட்டது.
அன்றே குறைத்திருந்தால், என்று
கேக்கைக் கையில் வைத்துக்கொண்டே
ஆரம்பித்தாள் நாத்தனார்.
அவள் போகும்வரை தூங்கினேன்.

காகிதம் வந்தது.
அகற்றிய திசு, இடப்பக்கம்: 1380 கிராம்.
அக்குளிலிருந்து முடிச்சுகள்: ஒன்பது.
நிறுத்தவர் கையெழுத்து பார்க்க அழகாக இருந்தது.
ஒன்றே கால் கிலோ என்று மழுப்பாமல்
கடைசிப் பத்து கிராம்வரை எழுதியிருந்தார்.
யாரோ முகம் தெரியாத ஒருவர்
என்னை ஒழுங்காக நிறுத்திருக்கிறார்.
அன்றுதான் அழுதேன்.
ஒன்பது முடிச்சும் கொசுறா என்று
கேட்க ஆளில்லை.

உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ள
அரசாங்கம் ஒரு சிலிக்கான் தந்தது,
இருப்பதிலேயே பெரிய அளவு.
வைத்த பிறகும் உடம்பு வலப்பக்கம் சாய்ந்தது.
பேருந்தில் வலப்பக்கம், படியில் வலப்பக்கம்,
முதுகு இரவெல்லாம் என்னை ஏசியது.

கடைக்குத் திரும்பிய முதல் நாள்,
கதவு திறக்க இன்னும் அரை மணி.
சட்டைக்குள் கைவிட்டு அதை எடுத்து
தராசில் வைத்தேன்.
910.
பழைய தலையணை உறையில் பை தைத்து
சாம்பல் பட்டாணியைக் கொட்டினேன், பிடி பிடியாக.
1290. 1350. 1380.
சரியாக நின்றது.
பழக்கதோஷம்,
மேலே இன்னும் நாலு பட்டாணி போட்டேன்.

டிசம்பரில் மறுபடி ஏறி நிற்க வேண்டும்.
ஏழு கிலோ குறைந்திருக்கிறது.
அதில் ஒன்றரைக்குக் கொஞ்சம் குறைவு
அவர்களே எடுத்தது.
அதைச் சேர்ப்பதா, கழிப்பதா?
டாக்டரைக் கேட்க வேண்டும்.

பீப்பாய்க்குள் குனியும்போது
உள்ளே பட்டாணி சலசலக்கிறது.
என்ன சத்தம் என்கிறார் ஒருவர்.
எவ்வளவு வேண்டும் என்கிறேன்.